முதல் கால்சட்டை

அன்பு மகளே,

அன்றைய விருந்தில் உன் வருங்கால மாமியார் நான் உடுத்தியிருந்த, நம் ஸ்காட்லாந்து ஆண்கள் தலைமுறையாக உடுத்தும் கில்ட்டைப் ‘பாவாடை’ என்றார். நீயும் சிரித்தாய். நான் எழுந்து வந்துவிட்டேன். அதோடு நமக்குள் பேச்சு நின்றது.

நேற்று இன்வர்னெஸ் போய், இந்த வயதில் முதன்முதலாகக் கால்சட்டை வாங்கினேன். கடைக்கார லாக்லன், “என்ன பெரியவரே, முழங்கால் குளிருதா?” என்று கிண்டலடித்தான்.

“மகளுக்குக் கல்யாணம்டா” என்றேன். அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை.

காலையிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறேன். உட்காரப் போனால் கில்ட்டின் பின்மடிப்பை நீவிவிடக் கை தானாகப் போகிறது. அங்கே மடிப்பே இல்லை. எழுந்துவிடுகிறேன்.

சனிக்கிழமை தேவாலயத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும்? கடைசி வரிசை போதும். அப்பாவின் இடத்தில் உன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போக யாரைச் சொல்லியிருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

உன் அப்பா