வலையத் தட்டுற பழக்கம்

ஜூலை 7, திங்கள்
காலையிலயே வெயில். கொமுட்டர் ரயில் லேட். கிள்ளான்லேர்ந்து நின்னுக்கிட்டே.

டிப்ளோமாவ விட்டப்புறம் மூணு மாசம் தாக்குப்பிடிச்ச ஒரே வேலை இந்த லேப்புதான்.

இன்னிக்கு: தொட்டி 1–12 கழுவணும். மீன் குஞ்சுக்குத் தீனி. கையுறை முடிஞ்சுபோச்சு, கேக்கணும்.

பக்கத்து ரூம்ல கோமதி அக்கா. பிஎச்டி, நகம் கடிக்கிற கேஸு. மைக்ராஸ்கோப்புக்கு அடியில ஒரு மீன் குஞ்சு, அகார்-அகார் ஜெல்லியில பதிச்சு வச்சது. கண்ணாடி ஒடம்பு, மூளையே தெரியுது. ஜீன மாத்துனதால நரம்பே ஒளிர்ற புரோட்டீன் செய்யுதாம். அதுல கரண்டு ஓடுனா வெளிச்சம் கூடும், ஸ்கிரீன்ல கோடு எகிறும்.

"நரம்பு தானாவே துடிக்குதுடி ஷாலு, யாரும் தொடக்கூட இல்ல. வா, காட்றேன்."

போனேன். மூணு தடவ லேசர் போட்டாங்க. ஒண்ணும் இல்ல.

"உன்னப் பாத்து வெக்கப்படுது லா."

திரும்பி வந்து தொட்டி கழுவுனேன். அஞ்சு நிமிஷத்துல அந்தப் பக்கம் கத்தல்: "வந்துருச்சு! ரெண்டு!"

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு மீட்டிங். ப்ரொஃபசருக்குப் பிடிச்சா இன்னும் ஒரு வருஷம். இல்லாட்டி மூட்ட கட்டணும்.

ஜூலை 8, செவ்வாய்
மழை. கால்ல சப்பாத்து ஈரம்.

அம்மா: "மீனு கழுவவா உன்னப் படிக்க வச்சேன்?"
"மீனு இல்லம்மா. தொட்டி."

ஒரு தொட்டி முடிஞ்சா ஈர வலைய ரேக் கம்பியில ரெண்டு தட்டு தட்டுவேன், தண்ணி வடிய. டொக் டொக். ரேக்குக்குப் பின்னால செவரு. செவருக்குப் பின்னால அக்கா மேச.

இன்னிக்கு 1–6 தட்டல. கையில புழிஞ்சேன். அந்தப் பக்கம் அமைதி.

7, தட்டுனேன். "வந்துருச்சு!"
8, தட்டுனேன். "வந்துருச்சு!"

அலாமாக், போச்சு.

அக்கா மேச ஆட்டத்தத் தாங்கும். சத்தத்தத் தடுக்குமா? மீனுக்குக் காது இருக்கே.

ஜூலை 9, புதன்
சொல்லல.

பிரிக்ஃபீல்ட்ஸ்ல தோச, அக்கா செலவு. போன்ல ஸ்லைடு காட்டுனாங்க. தலைப்பே "தானாக எழும் துடிப்பு". "நீதான்டி லக்கு. நீ லீவு போட்டா ஒண்ணுமே வர்றதில்ல."

சட்னி இன்னொரு கரண்டி கேட்டேன்.

ஜூலை 10, வியாழன்
சொல்லிட்டேன்.

"அக்கா, அது நான்தான்."
"என்ன நீதான்?"

வலைய எடுத்துட்டுப் போய்த் தட்டுனேன். கோடு எகிறுச்சு, ரெண்டு தடவ.

"நேத்தே ஏன்டி சொல்லல?"
"நேத்து சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."
"வெளிய போ."

போனேன். தொட்டி 9, 10. வலைய கையில புழிஞ்சேன்.

நாலு மணிக்கு அவங்களே வந்தாங்க, கண்ணு செவந்து. "லேசர்ல புரோட்டீன் மங்கிக்கிட்டே வருது. இந்தக் குஞ்சு இன்னும் நாலஞ்சு தடவதான் தாங்கும். நான் சொல்றப்ப மட்டும் தட்டு. டைம் எழுது."

4.12 தட்டு. வந்துச்சு.
4.15 தட்டு. வந்துச்சு.
4.18 தட்டல. வரல.
4.21 தட்டு. வந்துச்சு, மங்கலா.

ஜூலை 11, வெள்ளி
புகமூட்டம். தொண்ட கரகரப்பு.

மீட்டிங் பத்துக்கு. ஒம்பதே முக்காலுக்கு அக்கா கதவுல. லேப்டாப், நல்ல சட்ட, நகமே இல்ல.

"வலையக் குடு. ப்ரொஃபசருக்குத் தட்டிக் காட்டணும்."

குடுத்தேன். தொட்டி 3 பாதியில நிக்குது.