கறுப்பு மணலில் எடுத்த படம்

தம்பிக்கு,

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ இல்லாமல் எடுத்தது.

ஆஸ்பத்திரியில் கெஞ்சித்தான் அம்மாவை முரிவாய் கடற்கரைக்குக் கூட்டி வந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. வானம் மூடிக் கிடந்தது. கறுப்பு மணலில் எல்லார் முகமும் இருண்டு தெரிந்தது. கொஞ்சம் வெளிச்சம் முகத்தில் படட்டும் என்று வெள்ளைப் படுக்கை விரிப்பை மாமாவிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

"போட்டோ எடுக்க வந்தோமா, துணி காயப்போட வந்தோமாடி?" என்று ரங்கி மாமா கத்த, அம்மா இருமல் வரும்வரை சிரித்தாள்.

சக்கர நாற்காலிக்கு வலப்பக்கம் அவள் யாரையும் நிற்க விடவில்லை. "அது ஹேமி இடம். சண்டை போட்டாலும் வந்துருவான்."

நீ சிட்னியிலிருந்து கிளம்பவில்லை என்று மெதுவாகச் சொன்னேன்.

"பிளேன் லேட்டா இருக்கும்" என்றாள்.

தூறல் விழுந்தது. லென்ஸைத் துடைத்துத் துடைத்துக் கை மரத்துவிட்டது. "போதும்மா, நாளைக்கு எடுத்துக்கலாம்."

"நாளைக்கு எனக்குத் தோதுப்படாதுடி."

கடைசியில் மேகம் விலகி ஒரு கீற்று வெயில் விழுந்தது. "எல்லாரும் இங்க பாருங்க!" என்று அவசரமாக எடுத்தேன்.

இப்போது அம்மா குன்றின்மேல் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். உன் பழைய படம் ஒன்றை நாற்காலிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் ஒட்டிவிடலாமே என்கிறார் மாமா. கம்ப்யூட்டரில் சின்ன வேலைதான். எனக்கு மனம் வரவில்லை.

உற்றுப் பார். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் கார் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அக்கா