கலைப்பிரிவுக் கோப்புகள் காலனியில் காய்ந்த வாரம்

ஜனவரி 3, 1984. செவ்வாய்

மார்கழியில் மழை. இந்த மாதத்தில் இப்படிக் கொட்டிப் பார்த்ததில்லை என்று பஸ் முழுக்க அதே பேச்சு. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வந்து சேர்வதற்குள் ஜன்னல் பக்கத்துச் சட்டைக் கை சொட்டச் சொட்ட ஈரம்.

வந்த வேலை: கலைப்பிரிவின் பழைய கோப்புகளைப் பிரித்து வைப்பது. வைக்க வேண்டியவை தனி, அழிக்க வேண்டியவை தனி. பல்கலைக்கழகத்தில் எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்கள். அதனால் போன வருடமே எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி, இந்த ஊர் ரைஸ் மில் குடோன் ஒன்றில் வாடகைக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர். கண்காணிப்பாளர் சலோமி மேடம், உதவியாளன் நான், அட்டெண்டர் துரைக்கண்ணு.

குடோன் கதவைத் திறந்தார் துரைக்கண்ணு. குப்பென்று நாற்றம்.

"ஐயோ சார், உள்ள ஏரி கீது!"

கூரையில் ஒரு ஷீட் காற்றில் பெயர்ந்து போயிருக்கிறது. கணுக்கால் வரை தண்ணீர். கீழ் அடுக்குகள் மொத்தமும் ஊறி உப்பல். கட்டிய நாடாவின் சிவப்புச் சாயம் தாள்களில் இறங்கி எல்லாம் ரோஸ் நிறம்.

நான் வாசலிலேயே நின்றேன். மேடம் செருப்பைக் கழற்றி வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்.

"மேல் வரிசை காய்ஞ்சிதான் இருக்கு, ஏகாம்பரம். முதல்ல அதைக் காப்பாத்துவோம். அழுவறதெல்லாம் அப்புறம்."

நனைந்தவை: பாடத்திட்டக் குழுக் கூட்டக் குறிப்புகள். மாலை வகுப்பு மாணவர் பதிவேடுகள். உதவித்தொகைக் கோப்புகள். வரலாறு, தத்துவம், தமிழ், பொருளாதாரத் துறைக் கடிதங்கள். ஒரு பேராசிரியரின் விடுப்பு விண்ணப்பக் கட்டு, எல்லாமே வயிற்று வலி.

லாட்ஜில் ரூம். கொசு. துரைக்கண்ணு குறட்டை.

ஜனவரி 4, புதன்

தூறல். மதியம் விட்டது.

தபாலாபீசில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தோம். துணைப் பதிவாளர் பேசினால் தெருவுக்கே கேட்கும். கேட்டது.

"நனைஞ்சதைக் கண்டம் பண்ணிடுங்கம்மா. அங்கேயே கொளுத்திட்டு, பொங்கலுக்கு முன்ன வந்து சேருங்க. பழைய காகிதம்தானே?"

"அதை ஆர்டரா எழுதி அனுப்புங்க சார். கொளுத்திடறேன்."



"எழுத்துல எதுக்கும்மா?"

"எழுத்துல இல்லன்னா நான் தொட மாட்டேன் சார்."

அவர் போனை வைத்துவிட்டார். மேடம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நானும் மேலதிகாரிகளிடம் 'எழுத்துல குடுங்க' என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எல்லாம் மனசுக்குள்.

நேரே மில்லுக்கு. மில்லை ஒட்டி பெரிய சிமெண்ட் களம். அங்கே விரித்தால் காய்ந்துவிடும். மில்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ நம்ம ஆரோக்கியம் தங்கச்சி இல்ல?"

"ஆமாங்க. இப்ப கலைப்பிரிவுக் கண்காணிப்பாளரா வந்திருக்கேன். உங்க குடோன் கூரை ஒழுகி எங்க ரெக்கார்டு நனைஞ்சிடுச்சு. காய வைக்க உங்க களம் வேணும்."

"என் நெல்லே நனைஞ்சி கெடக்குது. வெயில் வந்தா அதைக் கொட்டணும். காகிதமா சோறு போடப் போவுது?"

"சரிங்க," என்று சொல்லி மேடம் திரும்பிவிட்டார்.

எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. வாடகை வாங்குகிறவன், 'நீ'யாம். வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். மேடம் சொன்னார்: "அவர் நெல்லு நனைஞ்சதும் நிஜம்தானே, ஏகாம்பரம்."

பிறகு அவரே சொன்னார். அவருக்கு இந்த ஊர்தான். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனி. அப்பா அம்மா இரண்டு பேரும் இந்த மில்காரர் வயலில் கூலி வேலை செய்தே முடிந்தவர்கள். அண்ணன் ஆரோக்கியம் இன்றைக்கும் அங்கேதான் அறுக்கிறார். ஐந்து வருடமாகப் பக்கத்து மேஜையில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

"நீங்க சொல்லவே இல்லையே மேடம்?"

"நீங்க யாரும் கேக்கலையே."

ஜனவரி 5, வியாழன்

வெயில்! சுள்ளென்று.

காலையிலேயே காலனி. ஒரே தெரு, இரண்டு பக்கமும் கூரை வீடுகள், கடைசியில் சின்னக் கோயில், மேலே சிலுவை. மேடம் விஷயத்தைச் சொன்னதும் ஆரோக்கியம் முகம் மாறிவிட்டது.

"இன்னா சலோமி, பேஜாரா பூடும்மா. அவர் வாணான்னு சொன்னத நாம இங்க எடுத்தாந்து பரப்பினா சும்மா வுடுவாரா? நீ பொங்கலுக்குள்ள பட்டணம் பூடுவ. நான் இங்கதான இருக்கணும்?"

 மேடம் தரையைப் பார்த்தார். "நீ சொல்றதும் நாயம்தாண்ணா," என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். பத்தடி போயிருப்போம். பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணி லூர்து, கையில் துடைப்பத்தோடு.

"எங்க போற? நில்லு. வயல்ல தண்ணி நிக்கிது, அறுப்பு நின்னு போச்சி. தெருவே சும்மா குந்திக்கினு கீது. எடுத்துக்கினு வா அந்தக் காகிதத்த. மில்லுக்காரு கேட்டா நான் பேசிக்கிறேன்."

ஆரோக்கியம் பெண்டாட்டியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டு வண்டி பிடிக்கப் போய்விட்டார்.

வண்டி மூன்று நடை அடித்தது. கயிற்றுக் கட்டில், கொடி, பாய், கோயில் பெஞ்சு, கூரைச் சரிவு, இடம் கண்ட இடமெல்லாம் தாள். பறக்காமலிருக்க மேலே கூழாங்கல். ஒரு கோப்போடு இன்னொன்று கலந்துவிடக்கூடாதே என்று எனக்கு நடுக்கம். மேடம்தான் வழி சொன்னார்: ஒரு வீட்டுக்கு ஒரு துறை. சுவரில் சாக்பீஸால் எழுதினேன். லூர்து வீடு வரலாறு. எதிர் வீடு பொருளாதாரம். தத்துவத்துக்கு மட்டும் இரண்டு வீடு.

"யோவ், வரலாறு எங்களுது. உன் கோழிய அந்தாண்ட ஓட்டு."

"தத்துவம்னா இன்னாக்கா?"

"தெர்ல. ஆனா ரொம்ப ஈரமா கீது."

டீ வந்தது, பித்தளை டம்ளரில். ஒரு கணம் என் கை தயங்கியது. ஏன் என்று எனக்குத் தெரியும். மேடம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ. இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜனவரி 6, வெள்ளி

வெயில் தொடர்கிறது. இடுப்பு வலி. தைலம் வாங்க வேண்டும்.

தாள் புரட்டுவது பெரிய வேலை. ஒரு பக்கம் காய்ந்ததும் கிழியாமல் எடுத்து மறுபக்கம் போட வேண்டும். மேடம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார். ஒருவரையும் அதட்டவில்லை. தவறாக வைத்திருந்தால் தானே உட்கார்ந்து சரி செய்துவிட்டு நகர்கிறார். ஆபீசிலும் இப்படித்தான். ஏனோ அங்கே இருந்தபோது என் கண்ணில் பட்டதில்லை.

மதியம் லூர்து கேட்டார்: "ஏன் சார், இம்மாம் பாடுபட்டு காய வைக்கிறமே, இதுல இன்னாதான் எய்திக்கீது?"

கையிலிருந்த கூட்டக் குறிப்பை வாசித்துக் காட்டினேன். வரலாற்றுத் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் ஒரு பீரோவுக்காகச் சண்டை. இரண்டு பேராசிரியர்கள், சாயங்காலம் வரை வாக்குவாதம். ஒருவர் பீரோச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளிநடப்பு. தெருவே சிரிக்கிறது. வேலை நின்றுவிடும் என்று மூடப்போனேன். விடவில்லை.

"அப்பால? பீரோ யாருக்குப் போச்சி?"

அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆரோக்கியம் பனை ஓலைக் கீற்றை நுழைத்து மெல்லப் பிரித்தார். தீர்மானம்: பீரோ தத்துவத் துறைக்கு. தத்துவ வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

அப்புறம் நான் வாசிக்க, அவர்கள் கேட்டுக்கொண்டே புரட்ட, இரண்டு மடங்கு வேலை நடந்தது. உதவித்தொகைக் கோப்பு ஒன்றில் மாணவர்களின் அப்பா பெயர், தொழில் எல்லாம் வரிசையாக. கூலி, கூலி, நெசவு, கூலி. அதை வாசித்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் கையிலிருந்த தாளைத் தன் முந்தானையால் ஒற்றி வைத்தார்.

மேடத்திடம் கேட்டேன், இதற்காக ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று.

"நான் படிச்சது இந்த மாலை வகுப்புலதான். பகல்ல ஜவுளிக்கடையில நிப்பேன். படிச்சேன்னு சொல்ல இந்தப் பதிவேட்டைத் தவிர வேற இன்னா இருக்கு? என்னை மாதிரி எத்தனை பேரு!"

'இன்னா' என்று சொல்லிவிட்டார். ஆபீசில் ஒரு நாளும் வந்ததில்லை.

ஜனவரி 7, சனி

காலையில் மில்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். தெரு முனையிலேயே நிறுத்திக்கொண்டு ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழமை அறுப்பு. நீ வர வேணாம். அதான் படிச்ச தங்கச்சி வந்துகீதே, அது பாத்துக்கும்."

 மேடம் கையிலிருந்த கோப்புக் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு முனை வரை நடந்து போனார்.

"ரெக்கார்டைக் கொண்டாந்தது நானுங்க. கோவம்னா என்மேல காட்டுங்க. அவரு சின்ன வயசுலேர்ந்து உங்க வயல்ல பாடுபடறவரு."

"என்கிட்ட நாயம் பேச வந்துட்டியா?"

"பேசத்தான் வந்தேன். நீங்க சொன்னது நாயம் இல்லீங்க."

சத்தம் போடவில்லை. கை கட்டவில்லை. குனியவில்லை. தெருவில் ஒரு தாள் அசையவில்லை. மில்காரர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மேடம் திரும்பி வந்து தண்ணீர் கேட்டார். இரண்டு கையாலும் பிடித்தும் டம்ளர் தண்ணீர் பாதி புடவையில் சிந்தியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவர்மேல் மதிப்பு இன்னும் கூடியது. பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடுதான் போயிருக்கிறார்.

"உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேண்ணா."

"சும்மா கெட. தென்னேரில என் மச்சான் கீறான். அங்க அறுப்புக்கு ஆள் வோணும்னு போன வாரமே சொன்னான்." கட்டிலில் கிடந்த தாள்களைத் தொட்டுப் பார்த்தார். "வரலாறு இன்னும் காயல. யாராச்சும் திருப்பிப் போடுங்கப்பா."

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முகம் இல்லை.

ஜனவரி 8, ஞாயிறு

கோயில் பெஞ்சுகளில் கோப்பு இருந்ததால் ஜெபம் வேப்பமரத்தடியில். நான் ஓரமாக நின்றேன். துரைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு நன்றாகவே பாடினார். கேட்டால், ராகம் பிடிச்சிருந்தது சார் என்கிறார்.

மாலைக்குள் கட்டி முடிக்க வேண்டும். நாளை முதல் எல்லோரும் அறுப்புக்குப் போய்விடுவார்கள். தாளைக் கட்டாத கை இல்லை. நாடா தீர்ந்தது. பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினோம். எங்கள் கலைப்பிரிவுக் கோப்புகள் இவ்வளவு அழகாக இருந்ததே இல்லை.

இழந்தவை: கடிதக் கட்டு சில. மை கரைந்த வரவுப் பதிவேடு ஒன்று. வயிற்று வலி விண்ணப்பங்கள் (வருத்தமில்லை). பாக்கி எல்லாம் படிக்கக் கூடிய நிலையில். மாலை வகுப்புப் பதிவேடுகள் முழுவதும்.

ஜனவரி 10, செவ்வாய்

லாரி வந்தது. ஏற்ற ஆள் இல்லை, எல்லோரும் வயலில். ஆரோக்கியம் நேற்றே தென்னேரி போய்விட்டார். நான், துரைக்கண்ணு, டிரைவர், மேடம், லூர்து. லூர்து தலையில் தத்துவத் துறை.

கிளம்பும்போது மேடம் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஜனவரி 19, வியாழன்

ஆபீஸ். வெயில். கேன்டீன் வடை படுமோசம்.

மேடத்துக்கு மெமோ. 'பல்கலைக்கழக ஆவணங்களை அனுமதியின்றித் தனியார் குடியிருப்புகளுக்கு எடுத்துச் சென்றது ஏன்? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தேவை.' கொளுத்தச் சொன்னதை எழுத்தில் தராதவர் இதை மட்டும் எழுத்தில் தந்திருக்கிறார்.

பக்கத்து செக்‌ஷனில் குசுகுசு: "இந்தம்மாவுக்கு இது தேவையா?"

மேடம் பதிலைக் கையால் எழுதி டைப் அடிக்கக் கொடுத்தார். நாலே வரி. கெஞ்சல் இல்லை, சாக்கு இல்லை. 'ஆவணங்கள் என் பொறுப்பில் எடுத்துச் செல்லப்பட்டு, காய வைக்கப்பட்டு, திரும்பக் கொண்டுவரப்பட்டன. உதவிய குடும்பங்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பப் பரிந்துரைக்கிறேன்.'

அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏகாம்பரம், இங்க பிழை இருக்கு. 'எங்கள் பொறுப்பில்'னு அடிச்சிருக்கீங்க. கீழ உங்க பேரு வேற."

"பிழை இல்லீங்க மேடம்."

"மெமோ எனக்கு வந்தது. உங்க பேரு பிரமோஷன் லிஸ்ட்டுல இருக்கு. யோசிச்சீங்களா?"

"யோசிச்சித்தான் அடிச்சேன்."

 மேடம் பேனாவுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. முதலில் நான் கையெழுத்துப் போட்டேன்.