கிழிக்காத சீட்டு

காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. மாசியில் உன்னைப் பற்றிய செய்தி வந்ததும் பதினொன்று பத்துக்குத்தான். நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அதே மணலி கண்டெய்னர் யார்டு அலுவலகம், அதே மேசை. அதனால் போன் அதிர்ந்ததும் கை தானாக மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இந்த முறை யாரும் சாகவில்லை. பிரவுசரில் ஓர் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். உடனே புதுப்பியுங்கள், ஏற்கெனவே சிலர் அதன் வழியே உள்ளே நுழையத் தொடங்கிவிட்டார்கள் என்று இருந்தது.

என்ன வகை ஓட்டை என்று படித்தேன். விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி தொடுவது. உனக்குத் தெரிந்த வகைதான்.

திருவொற்றியூரில் உன் ஜெராக்ஸ், பிரவுசிங் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை உனக்கு விளக்கினேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், தெருவில் ஓயாத டிரெய்லர் லாரி. நான் வந்தாலே எல்லா மிஷினையும் புதுப்பிக்க உட்கார்ந்துவிடுவேன் என்று உனக்கு எரிச்சல்.

"யோவ், லீவு நாள்ல பொண்டாட்டிய பாக்க வந்தியா, மிஷின பாக்க வந்தியா?"

"ஓட்டை இருக்கு. அடைக்கணும்."

"இன்னா ஓட்ட? கண்ணுக்கு தெரியுதா? சோக்கா ஓடிகினு கீது. நீதான் பேஜாரு பண்ற."

எங்கள் யார்டை வைத்துச் சொன்னேன். கண்டெய்னர் பெட்டி வைக்க ஓர் இடம் ஒதுக்குகிறோம். டிரைவர் கையில் இடத்தின் எண் போட்ட சீட்டு. பெட்டி போய்விட்டது, இடம் காலி என்று குறித்தாயிற்று. ஆனால் இன்னொரு டிரைவர் கையிலும் அதே இடத்துக்கு ஒரு பழைய சீட்டு இருக்கிறது. அதை யாரும் வாங்கவில்லை. காலியான இடத்தில் வேறு பெட்டி வந்து உட்கார்ந்துவிடுகிறது. பழைய சீட்டுக்காரன் வந்து, தன் பெட்டி என்றே நம்பி, அதைத் தூக்கிக்கொண்டு போகிறான். பிரவுசரும் இப்படித்தான் ஏமாறுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அதன் பழைய முகவரியை எங்கோ ஒரு மூலையில் வைத்துக்கொண்டே இருக்கிறது. விஷயம் தெரிந்த திருடன் சும்மா இருப்பானா? அந்தக் காலி இடத்தில் சரியாகத் தன் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறான். பிரவுசர் அதைத் தன்னுடையது என்று நினைத்து, அவன் சொல்வதையெல்லாம் செய்கிறது.

நீ டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாய். "அப்ப காலி பண்ண உடனே கண்டுபுடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. காலின்னு குறிப்பாங்களே தவிர உள்ள இருக்கறத அழிக்க மாட்டாங்க. வேற எதுவும் வர்ற வரைக்கும் பழையது அப்படியே கிடக்கும். பழைய சீட்டோட போனாலும் எல்லாம் சரியா இருக்கற மாதிரியே தெரியும். அதான் ஆபத்து."

"இதுல இன்னா கீது? பொட்டி போச்சுன்னா சீட்ட வாங்கி கிழிச்சுடணும்யா. கதம்."

சிரித்தேன். அதைத்தான் பல வருடமாகப் பலர் செய்ய முயல்கிறார்கள். நிரலில் நூறு இடத்தில் நூறு சீட்டு, ஒன்று விட்டுப்போகும். அதனால் இப்போது இன்னொரு தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்றேன். பழைய சீட்டு ஒன்றாவது யார் கையிலாவது இருக்கும்வரை, காலியான அந்த இடத்தை வேறு யாருக்கும் தருவதில்லை. பூட்டி வைத்துவிடுவது. நீ உதட்டைப் பிதுக்கினாய். "அப்டி எல்லாத்தையும் பூட்டிகினே போனா, அப்பால வர்றவன் எங்க குந்துவான்?"

அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. ஒரு பெண் நகல்களை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். நீ எட்டிப் பார்த்துக் கத்தினாய். "யக்கா! ஒரிஜினல எட்த்துகினியா?" அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஜெராக்ஸ் மூடிக்கு அடியில் ஆதார் அட்டை.

உன் தொழிலில் நடக்கும் ஒரே தவறு அதுதான். நகலுக்காகத்தான் வருகிறார்கள்; நகல் கைக்கு வந்ததும் ஒரிஜினலைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்படிக் கத்துவாய்! வீட்டில் நான் வேலைக்குக் கிளம்பும்போதும் அதே கேள்விதான். சாப்பாட்டுக் கூடை, சாவி, போன் எல்லாமே உனக்கு ஒரிஜினல்தான்.

மாசியில் ஒரு பெரியவர் ரேஷன் கார்டை விட்டுவிட்டுப் போனார். நீ எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், பாதியில் எழுந்து கார்டை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாய். டிரெய்லர். உன் தோழி ஷமீமாதான் எனக்குப் போன் செய்தாள். கார்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

கடையை இப்போது ஷமீமாதான் நடத்துகிறாள். உன் மிஷினை மட்டும் அவள் தொடவில்லை. பிரின்டர் அதில் மாட்டியிருப்பதால் அணைக்கவும் இல்லை. கரண்ட் போனபோதெல்லாம் இன்வெர்ட்டர் தாங்கிக்கொண்டது. திரைமேல் உன் துப்பட்டா. உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. கூட்டமான நேரத்தில்கூட ஷமீமா நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள்.

பதினொன்றே காலுக்குள் யார்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்: பிரவுசரை மூடித் திறங்கள், மூடித் திறந்தால்தான் ஓட்டைக்கு ஒட்டு விழும். அடுத்து ஷமீமாவைக் கூப்பிட்டேன். மதியம் அவளே திரும்ப அழைத்தாள்.

"ணா, ரெண்டு மிஷின் முடிஞ்சிது. அக்கா மிஷின்லயும் ரீஸ்டார்ட் கேட்டுகினு கீது. நான் கை வெக்கல. நீயே வா."

போனேன். கடைக்குள் சூடான டோனர் வாசனை. துப்பட்டாவை எடுத்தேன். தேடல் பெட்டியில் உன் வரி அப்படியே இருந்தது.

லாரி தூசியிலும் வளர்ற செ

அவ்வளவுதான். கடைசி எழுத்துக்குப் பின்னால் கோடு மின்னி மின்னி மறைந்தது. கடை வாசலில் பச்சையாக ஏதாவது வைக்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாய். இந்த ரோட்டில் சிமெண்ட் மூட்டைதான் வளரும் என்று நான் கிண்டல் செய்தேன். 'டி' என்ற ஒரே எழுத்துதான் பாக்கி. விரல் விசைவரை போனது. அழுத்தவில்லை. அது உன் வரி.

மறுதொடக்கம் செய்தால் பக்கங்கள் திரும்பி வரும். பெட்டிக்குள் பாதியில் நிற்கும் எழுத்து வராது, எனக்குத் தெரியும்.

இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு இதை இப்படியே வைத்துவிடலாம், அதுவும் ஒரு தடுப்புதான் என்றேன். ஷமீமா பிரின்டர் பக்கம் திரும்பினாள்.

"புடுங்கிட்டா மத்த மிஷின்லேந்து பிரின்ட் வராது ணா. அது போவட்டும், நான் கட பூட்டிக்கறேன். ஆனா ஜனங்களோட ஸ்கேன் எல்லாம் இதுலதான கீது. பேங்கு புக்கு, பட்டா, புள்ளைங்க சர்ட்டிபிகேட்டு. அக்காவ நம்பி குட்த்தது. கேட்டு வந்தா என்னிக்காச்சும் கம்பிய மாட்டித்தான ஆவணும்."

உன் வரிக்குப் பக்கத்துத் தாவலில் ஒரு செய்தித்தளம் திறந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எங்கிருந்தோ புது விளம்பரங்களை இழுத்து வந்தது. அதில் ஒன்று போதும் திருடனுக்கு. நீ போனதிலிருந்து அந்தப் பக்கம் இப்படித்தான் ஊரில் உள்ளதையெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு போட்டோவாவது எட்த்துக்கோ ணா," என்றாள்.

போனைத் தூக்கினேன். திரைக்கு நேரே பிடித்தும்விட்டேன். அப்புறம் பைக்குள் போட்டுக்கொண்டேன். நகல் எடுத்தவர்கள்தானே ஒரிஜினலை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பொத்தானை அழுத்தினேன். திரை வெறுமையானது. பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. செய்தித்தளம், மின்கட்டணப் பக்கம், தேடல் பக்கம். பெட்டி காலி. அழுகை வரும் என்று ஷமீமா என் முகத்தையே பார்த்தாள். வரவில்லை. மாசியிலிருந்தே வரவில்லை. நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். "குந்து," என்றேன். உன் சொல், என் வாயில் இதுவரை வந்ததில்லை. அவள் துப்பட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் படி இறங்கும்போது உள்ளே யாருக்கோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் குரல். "நைனா, ஒரிஜினல எட்த்துகினியா?"

அந்த ஆளோடு சேர்ந்து நானும் திரும்பினேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், வீட்டு வாசலில் செய்வதுபோலவே. பிறகு ரோட்டோரம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு டிரெய்லர் முழுதாகக் கடக்கும்வரை காத்திருந்து நடந்தேன். இனி எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் இந்தக் கேள்விக்கு நின்றுவிட்டுத்தான் போவேன். உன்னிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். இதற்கு நகல் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாசியில் அந்த அழைப்பு வந்ததிலிருந்து நான் போனை அணைத்ததே இல்லை. குளிக்கும்போதும் சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்திருப்பேன். சார்ஜ் குறைந்தால் பதறுவேன். ஏன் என்று அம்மா கேட்டாள், ஆபீஸ் வேலை என்றேன். ஆபீஸ் இல்லை. ஷமீமா இன்னொரு முறை அழைத்து, "ணா, தப்பா சொல்லிட்டேன், அக்கா இங்கதான் கீது" என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். பெட்டி போய்விட்டது என்று தெரிந்தும் கையில் வைத்திருந்த சீட்டு அது.

நீ சொன்னபடியே சீட்டைக் கிழித்தேன்: போனை அணைத்துவிட்டேன்.