கைப்பிடியில் சாக்பீஸ் கோடு

அன்பு வாலுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், இந்த வீட்டில் சுகமில்லாமல் கிடந்தது லேத் ஒன்றுதான், அதுவும் தேறிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் என் கை போய்விட்டது, லேத்தை விற்கப் போகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, பம்புக்கடைக்காரர் கொடுத்த வேலையில் வரிசையாக மூன்று ஷாஃப்ட் அளவு குறைந்து வீணாயின, பேரிங்கை மாட்டினால் லொடலொட என்று ஆடியது. முப்பது வருடம் டர்னராகத் தொழில் பார்த்தவனுக்கு அதைவிட என்ன அவமானம், சோறே இறங்கவில்லை. வாங்குகிற ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

உன் அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் தையல் மிஷினில் இருந்தபடியே ஜன்னல் வழியாக என்னைக் கவனித்திருக்கிறாள். மூன்றாம் நாள் எழுந்து வந்து, துணியில் கோடு போடுகிற சாக்பீஸால், இரும்பைச் சீவும் டூலை முன்னும் பின்னும் நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியில் ஒரு கோடு, ஸ்லைடையும் அதன் அடிப்பாகத்தையும் சேர்த்து இன்னொரு கோடு போட்டுப் பின்னால் சுற்றச் சொன்னாள். கைப்பிடி கால் சுற்றைத் தாண்டியும் ஸ்லைடு அசையவே இல்லை. பேக்லாஷ் என்போமே, அந்த ஆட்டம். எனக்குத் தெரியாததா? அளவு தாண்டிப் போனால் கால் சுற்று பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய் அளவைப் பிடிப்பது என் பழக்கம், முன்பெல்லாம் அது போதும். ஸ்லைடை நகர்த்தும் திருகும் அதன் நட்டும் தேயத் தேய ஆட்டம் வளர்ந்திருக்கிறது, என் கை மட்டும் பழைய கால் சுற்றிலேயே நின்றுவிட்டது. நான் பின்னால் வந்ததாக நினைக்க, டூல் நின்ற இடத்திலேயே நின்று சீவித் தள்ளியிருக்கிறது. "உங்க கை நல்லாத்தான் இருக்கு, கைக்கும் டூலுக்கும் நடுவுல இருக்கறதுதான் தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தலையணை உறை தைக்கப் போய்விட்டாள். அசந்துபோனேன்.

வந்த உற்சாகத்தில் அந்த நட்டை இறுக்கும் ஸ்குரூவை ஆட்டமே இல்லாமல் இறுக்கினேன். நடுவில் நன்றாக ஓடிய ஸ்லைடு ஓரத்துக்குப் போனதும் சிக்கிக்கொண்டது, திருகு தேய்ந்திருப்பது நடுவில்தானே. அம்மா எட்டிப் பார்த்து, "கொஞ்சம் ஆட்டம் இருந்துட்டுப் போகட்டுமே, இத்தனை வருஷம் நான் உங்களோட இருக்கலையா" என்றாள். கொஞ்சம் தளர்த்தினேன். இப்போது அரைச் சுற்று பின்னால் வந்துதான் முன்னால் போகிறேன். நான்காவது ஷாஃப்ட்டில் பேரிங் கிச்சென்று உட்கார்ந்தது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கண் கலங்கிவிட்டது, எனக்குத்தான்.

லேத்தை விற்கவில்லை. எனக்காக நீ வேலையை விட்டு வருவதாக மாப்பிள்ளை போனில் சொன்னார், அதெல்லாம் வேண்டாம், லீவில் வந்தால் போதும். இரண்டு பேரும் நூறு வருடம் நன்றாக இருங்கள். போன கடிதத்தை எடுத்து, கை போய்விட்டது என்ற வரியை மறக்காமல் அடித்துவிடு.

இன்னும் டர்னராகவே இருக்கும்
உன் அப்பா