டிரைவர் பக்கத்துத் தகடு

வெயிலில் காய்ந்த இரும்பின் மேல் புதுப் பெயிண்டு விடும் வாடை உனக்கும் தெரியும், மச்சான். போன மாதம் குளுவாங் ராணுவ முகாமைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். பேரன் என்னை அழைத்துப் போனான். பச்சை நிறக் கவச வண்டி ஒன்றின் அருகில் போனதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே நின்ற சிப்பாய் நம் தமிழ்ப் பிள்ளை. இரும்புக்கு மேல் பீங்கான் மாதிரியான அடுக்கு வைத்திருப்பதையும், கீழே கண்ணிவெடி வெடித்தால் அதன் வேகம் இரு பக்கமும் சிதறிப்போக வண்டியின் வயிற்றைப் படகு போலச் சரித்துக் கட்டியிருப்பதையும் பொறுமையாக விளக்கினான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"டிரைவர் உக்கார்ற பக்கமும் இதே தடிப்புதானா தம்பி?"

"ஆமா தாத்தா. ஆபீசருக்கு ஒண்ணு, டிரைவருக்கு ஒண்ணுன்னு வைக்க மாட்டாங்க லா."

அந்தப் பக்கத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

ஜப்பான்காரன் காலத்தில் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் நீ லாரி ஓட்டினாய், நான் பட்டறையில் ஃபிட்டர். தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீடு. உறவு எதுவும் இல்லாமலே மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டோம். உன் பெண்டாட்டி பாக்கியம் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். பொந்தியான் சாலையில், காட்டுக்குள் பதுங்கியிருந்தவர்கள் ஜப்பானிய வண்டிகளைச் சுடத் தொடங்கியிருந்தார்கள். ஓர் அதிகாரி வந்து தோட்டத்து லாரியையும் உன்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். முன்பக்கத்துக்கும் இரண்டு கதவுகளுக்கும் தடித்த தகடு போட எனக்கு மூன்று நாள் கெடு.

ரப்பர் ஆலையின் பழைய பாய்லரை வெட்டினேன். அரை அங்குல இரும்பு. மூன்று தகடுகளுக்குத்தான் அதில் இடம் இருந்தது. மூன்றாவதை அவசரத்தில் தப்பாகக் குறித்து, ஒரு சாண் குட்டையாக வெட்டிவிட்டேன். முதல் நாள்தான் ஒரு போல்ட்டை முறித்ததற்காக அந்த அதிகாரி ஒருவரைக் கன்னம் கிழிய அறைந்து, சயாம் மரண ரயில் வேலைக்குப் போகும் ஆள்களோடு சேர்த்துவிட்டிருந்தான். தகடு வீணானதை அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பழைய தண்ணீர்த் தொட்டியின் மெல்லிய தகட்டை எடுத்தேன். வெளியே தெரியும் ஓரங்களை மடித்து மடித்துத் தட்டி, தடிப்பாகத் தோன்றும்படி செய்தேன். பச்சைப் பெயிண்டு அடித்ததும் மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. அதை உன் பக்கக் கதவில் மாட்டினேன். யோசித்துத்தான் மாட்டினேன். அதிகாரியின் பக்கத்தில் மாட்டினால் என் தலை போகும்.

அவன் தூர நின்று தன் பக்கத் தகட்டைச் சுட்டுப் பார்த்தான். இரும்பு குழிந்ததே தவிர ஓட்டை விழவில்லை. "பாகுஸ்" என்று மலாயில் பாராட்டி எனக்குச் சிகரெட் கொடுத்தான். நீ சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட்டாய்.

"என் பக்கமும் ஒண்ணு சுட்டுப் பாக்கச் சொல்லவா மச்சான்?"

"வேணாம்டா, பெயிண்டு போயிடும். அதுவும் தாங்கும்."

"நீ செஞ்சது தாங்காமப் போகுமா?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாய்.

எட்டாம் நாள் லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதிகாரிக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். உன் கதவில் இரண்டு ஓட்டைகள், விலா எலும்பின் உயரத்தில். நான் வீணாக்கிய அந்தக் குட்டைத் தகட்டைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டைகளையும் அது மறைத்தது. அதையே மாட்டியிருந்தால் ஓர் அறையோ, சயாமோ எனக்கு. நீ வீட்டுக்கு வந்திருப்பாய்.

அப்போதும் நான் திருந்தவில்லை. அதிகாரி பார்க்க வருமுன் மெல்லிய தகட்டைக் கழற்றி ஆலைக் குளத்தில் போட்டுவிட்டு, கதவின் ஓட்டைகள் தெரியாதபடி அந்தக் குட்டைத் தகட்டுக்குப் பெயிண்டு அடித்து மாட்டினேன். ஜன்னல் இடுக்கு வழியாகக் குண்டு வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். பாக்கியத்திடமும் அதையே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, "நீங்க செய்ய வேண்டியத செஞ்சீங்க அண்ணே" என்றாள். கையை உதறிக்கொள்ளக்கூட முடியாமல் நின்றேன். சாகும்வரை அவள் என்னை அப்படித்தான் நம்பினாள். வீட்டில் நல்லது நடந்தால் முதல் இலை எனக்குத்தான் போடுவாள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

முகாமுக்குப் போய் வந்த மறுவாரம் தங்காக்குக்குப் பஸ் ஏறினேன். நீ பார்க்காத உன் மகள் செல்வி அங்கே துணிக்கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்தபின் மடித்த துணியை அடுக்கில் வைத்தாள்.

"அம்மா உயிரோட இருக்கறப்ப சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"பயமா இருந்துச்சும்மா."

"ஜப்பான்காரன்தான் எப்பவோ போயிட்டானே. அப்புறம் யாருக்குப் பயந்தீங்க?"

அவள் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. பஸ் நிலையம்வரை கூட வந்து, டிக்கெட் எடுத்துக்கொடுத்து, ஜன்னல் ஓரமாக உட்காரவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நடை அப்படியே உன்னுடையது. இத்தனை வருஷம் அவளைப் பார்த்தும் அதை நான் கவனித்ததில்லை. அவள் முகத்தையே நேராகப் பார்க்காதவனுக்கு நடை எங்கே தெரியும்? அவள் கேட்ட கேள்வி மட்டும் இப்போது என்னோடு இருக்கிறது. அதற்கு உன்னிடம் சொல்லவும் என்னிடம் பதில் இல்லை, மச்சான்.