திருவிழாவுக்குப் போட்ட பன்

ஏப்ரல் 28, ஞாயிறு

மாவு இன்னும் உப்பவில்லை. ஊர்மேல் மேகம் இறங்கிக் கிடக்கிறது. சாக்கைப் போர்த்தி அடுப்புச் சுவரோரம் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் திருவிழா. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பன் வாப்பா காலத்திலிருந்தே எங்கள் அடுப்பில்தான் வேகிறது. மதியம் குருநாதன் வந்தான். தோட்டத்துக் காரட்டை வாசலில் கொட்டிவிட்டு, "மாமா, பேரன் பொறந்ததுக்கு இந்த வருசம் ரோஸ் மில்க் என்னோட நேர்த்தி. ஒங்க பன்னு, எம் பாலு, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டந்தான்" என்றான். சபுரா அவனுக்கு ரஸ்க் கட்டிக் கொடுத்தாள். "அக்கா கையால வாங்குனா வீட்டுக்குப் போறதுக்குள்ள தீந்துரும்" என்று தின்றுகொண்டே போனான். சபுராவை அவன் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததில்தான் நான் மாமா ஆனேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். ஜீப்பிலும் காரட் வண்டியிலும் ஏற்றிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நானும் கிளம்புகிறேன். யா அல்லா.

மே 1, புதன்

எல்லாப் பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துவிட்டன. குளுக்கோஸ் ஏறுகிறது. ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

குருநாதன் என்னை ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். 

"மாமா... பெரிய பாத்திரமெல்லாம் சமையலுக்குப் போயிருச்சு. தோட்டத்து டிரம்முலதான் பாலக் கலக்குனேன்."

"எந்த டிரம்மு?"

"மருந்து கலக்குறது. தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் கழுவுனேன் மாமா."

பூச்சிமருந்து கலக்குகிற டிரம். டாக்டரிடம் போய்ச் சொல்லு என்றேன். "பிள்ளைகளுக்குத் தெளிஞ்சிருச்சு. இங்க சொன்னா போலீசு வரும். ஊர்க்கூட்டத்துல நானே சொல்றேன், எம்பேரன் மேல ஆணையா சொல்றேன்" என்று அழுதான். அவன் பேரனும் உள்ளேதான் படுத்திருக்கிறான், கைக்குழந்தை. தோளில் சாய்த்துக்கொண்டேன். அழாத மாப்ளே, தெரியாமச் செஞ்சதுதானே என்றேன்.

மே 2, வியாழன்

கடைக்கு யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரி அலைச்சலாக இருக்கும்.

மே 3, வெள்ளி

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சாவடியில் ஊர்க்கூட்டம். தலைவர் சிவமுருகன் நேராகவே கேட்டார்: "பிள்ளைக தின்னது பன்னு, குடிச்சது பாலு. எதுல கோளாறு?" பின்னாலிருந்து ஒரு குரல், மாவு பூசணம் பிடித்திருக்கும் என்றது. இன்னொரு குரல், பழைய முட்டை என்றது. குருநாதன் சொல்வான் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்தான். "நம்ம மாட்டுல கறந்த பாலு. பாலுல ஒண்ணுமில்ல. பன்னப் பத்தி எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

"மாப்ளே, ஆஸ்பத்திரியில எங்கிட்டச் சொன்னதச் சொல்லு" என்றேன்.

"நான் என்ன சொன்னேன் பாய்?"

பாய். இத்தனை வருசத்தில் அவன் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. டிரம் விஷயத்தை நானே சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள், ஒருவரும் நம்பவில்லை. தன் தப்பை மறைக்க இன்னொருத்தன் மேல் போடுகிறான் என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். இனி பாய் கடையில் யாரும் வாங்க வேண்டாம் என்று முடிவானது. இதுவரை அது ரொட்டிக்கடை. இன்றைக்குத்தான் பாய் கடை ஆனது.

மே 5, ஞாயிறு

காலையில் கொடைக்கானலிலிருந்து பாக்கெட் பிரட் வேன் வந்து எங்கள் வாசலைத் தாண்டித்தான் நின்றது. போட்ட ரொட்டி அப்படியே தட்டில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சின்னத்தாயிக்குக் காய்ச்சல். காய்ச்சல் என்றால் அவளுக்கு நம் பன்னைப் பாலில் நனைத்துத்தான் இறங்கும். சபுரா எடுத்துக்கொண்டு போனாள். "வேணாந்தாயி, ஊருல திட்டுவாக" என்று கதவைப் பாதி திறந்தபடியே சொல்லி அனுப்பினாளாம். சபுரா வந்து அந்தப் பன்னைக் கோழிக்குப் பிய்த்துப் போட்டாள்.

மே 9, வியாழன்

இன்று அடுப்பு மூட்டவில்லை. வெள்ளனே எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல் வாசலைக் கூட்டினேன். சபுரா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மே 14, செவ்வாய்

பூண்டு காயப்போடும் களத்துப் பக்கம் அவன் தனியாக வந்தான். திரும்பிப் போகப் பார்த்தான். விடவில்லை.

ஏன்டா அப்படிச் சொன்ன என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி சொன்னான்: "உண்மையச் சொன்னா ஊரு என்னைய உசுரோட விட்டுருக்காது மாமா. ஒங்களுக்குத் திண்டுக்கல், பழனின்னு எங்கயும் சொந்தம் இருக்கு. எங்கயும் போய் ஒரு கடை போட்டுப் பொழச்சுக்குவீங்க. நான் எங்க போவேன்?"

வீட்டுக்கு வந்தும் அதே ஓடிக்கொண்டிருக்கிறது. பயந்தான், பொய் சொன்னான், அதைக்கூட விட்டுவிடலாம். ஆனா என்னைய எப்பவும் கெளம்பிப் போகப்போறவனாத்தானே நெனச்சிருக்கான்? எங்க வாப்பா எங்க அடங்கியிருக்காரு? இந்த மேட்டுலதானே? நான் மட்டும் எங்கடா போவேன்? அங்கயே கேட்டிருக்கணும்.

மே 22, புதன்

சபுரா ரேஷன் கடையிலிருந்து மூச்சிரைக்க வந்தாள். அரிசிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

வரிசையில் யாரோ சபுராவைப் பார்த்து, பிள்ளைகளைக் கொல்லப் பார்த்த குடும்பம் என்றிருக்கிறார்கள். குருநாதன் மருமகள் புவனாவும் வரிசையில் நின்றிருக்கிறாள். அவள் திரும்பி, "எம்பிள்ளைக்குப் பல்லே மொளைக்கல. அவன் எங்க பன்னத் தின்னான்? ரெண்டு வாயி ரோஸ் மில்க்குதான் குடுத்தேன். அவனுந்தான கெடந்து வாந்தி எடுத்தான்?" என்று கேட்டாளாம். அதோடு விடவில்லையாம். "மாமனாரு மருந்து டிரம்முல கலக்குனதை நான் பாத்தேன். கழுவித்தான கலக்குறாருன்னு நெனச்சேன். இத்தன நாளும் சொல்லாம இருந்தது எனக்குத் தொண்டையில அடைச்சுக் கெடக்கு."

இதைச் சொல்லிவிட்டு அரிசி வாங்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

அந்தப் பெண்ணுடன் நான் நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை.

மே 25, சனி

சிவமுருகன் வந்தார். "ஆளுக்காளு பேசுனதுல இப்பிடி ஆயிப்போச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பிறகு, நாளைக்கு வீட்டுக்கு விருந்தாள் வருது, ரொட்டி கிடைக்குமா என்று கேட்டார். மன்னிப்பு அதுவாகத்தான் இருக்கும் போல. சின்னத்தாயி ஒரு கூடை அவரைக்காய் அனுப்பியிருக்கிறாள். சபுரா அதைத் வெடுக்கென்று திருப்பி அனுப்பப் போனாள், பிறகு என்ன நினைத்தாளோ, நறுக்க உட்கார்ந்தாள்.

கூட்டத்தில் குருநாதனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்களாம். ஒப்புக்கொண்டானாம். திருவிழாச் செலவில் ஒரு பங்கை அவன் தலையில் போட்டதோடு சரி. ஊர் அவனை ஒன்றும் செய்யவில்லை. எதற்கு இவ்வளவு பயந்தான்?

மே 26, ஞாயிறு

அடுப்பு மூட்டினேன். ஈரத் தைலமர விறகு, கண்ணெல்லாம் எரிச்சல். முதல் தட்டு கருகிவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது.

ஜூன் 9, ஞாயிறு

இன்று நல்ல வெயில். புவனா பிள்ளையோடு கடைக்கு வந்தாள். வீட்டில் இன்னும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை என்று சபுராவிடம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. சபுரா பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவளை உட்காரச் சொன்னாள். நான் சூடான பன்னை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன், சாலை வளைவில் குருநாதன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவன் அவன்தான். இறங்கவில்லை. வண்டியை அணைக்கவும் இல்லை. கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். என்னை நேராகத்தான் பார்த்தான்.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். ஒரு சொல் போதும்.

நான் உள்ளே போய் அடுத்த தட்டை அடுப்பில் தள்ளினேன்.